கறிவேப்பிலைச் சாடி உள்ளே போகும் காலம்

செப்டெம்பர் பிறந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "அண்ணை, இலை எப்ப சிவக்கும்?"

கோடை முழுவதும் கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று மண்டபங்களுக்குள்ளேயே நின்று படம் எடுக்கும் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் தமிழ்ப் படப்பிடிப்பாளனுக்கு இலையுதிர்காலம் ஒரு சின்ன அறுவடை. குடும்பமாக, புதுமணத் தம்பதியாக, வயிற்றில் பிள்ளையோடு, எல்லோருக்கும் மேப்பிள் மரத்தின் கீழ் நிற்க வேண்டும். அதற்குத் திகதி கேட்கிறார்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள், எந்தப் பூங்காவில் எத்தனை வீதம் நிறம் மாறியிருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை போடும். அதையும் பார்த்து, இரவுக் குளிரையும் பார்த்து ஒரு சனிக்கிழமையைச் சொல்வேன். வடக்கே அல்கொன்குவின் பூங்காவில் சீனி மேப்பிள் செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ உச்சத்துக்கு வந்துவிடும். ரொறன்ரோவுக்குள் அது ஒக்டோபர் நடுப்பகுதி தாண்டித்தான் வரும். மூன்று மணிநேரம் கார் ஓட விருப்பமில்லாதவர்கள் பொறுத்திருக்க வேண்டும்.

சொன்ன நாளில் சிவந்திருக்குமா என்பது யார் கையிலும் இல்லை. மஞ்சள் நிறம் கோடையிலேயே இலைக்குள் இருப்பது. பச்சையம் குறையும்போது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி அல்ல. உதிரப்போகும் நேரத்தில், இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு மரம் புதிதாக உண்டாக்கும் நிறம் அது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி அளவுக்குப் போகாத குளிரும் சேர்ந்து வந்தால் மரம் பற்றி எரியும். மூட்டமும் மழையுமாகப் போனால் அதே மரம் மங்கிப்போய் நிற்கும். இதை விளக்கிச் சொன்னால், "அப்ப வேற பார்க்குக்குப் போவமா?" என்பார்கள்.

இந்த வேலையில் கற்றுக்கொண்ட நுணுக்கங்கள் சில உண்டு. சிவப்புச் சேலையோடு சிவப்பு மரத்தின் கீழ் நின்றால் சேலை காணாமல் போய்விடும். மயில்நீலமோ கடும்பச்சையோ கட்டி வாருங்கள் என்று முதலே சொல்லிவிடுவேன். மஞ்சள் இலைக் கூரைக்குள் நின்றால் நம் மாநிற முகங்களில் மஞ்சள் ஏறி, ஆள் காமாலைக்காரர் மாதிரி இருப்பார். அதனால் மரத்தின் கீழே நிறுத்தாமல், மரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு ஆளைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். படத்தின் நிறத்தைக் கமரா தானே சரிசெய்யும் தானியங்கி வெண்சமநிலையை அணைத்துவிட வேண்டும். அது சூடான நிறங்களைக் குற்றம் என்று நினைத்துக் குளிர்த்திவிடும். வெயிலில் சிவப்பு எளிதில் வெளுத்து விவரம் அழிந்துபோகும். சிவந்த இலையைப் படம் எடுக்க மூட்டமான நாள்தான் நல்லது. வெயில் இல்லையே என்று கடைசி நேரத்தில் நாளை மாற்றச் சொல்பவர்களிடம் இதை எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது.

காசு தருவது அந்த வாரம்தான். ஆனால் கமராவோடு நான் விரும்பி அலைவது அதற்கு முந்திய நாட்களில். இலை எல்லாம் இன்னும் பச்சையாகவே இருக்கும். மாறியிருப்பது வெளிச்சம்.

இங்கே ஜூன் மாதத்தில் சூரியன் ஐந்தரைக்கெல்லாம் எழும்பிவிடும். படக்காரர் ஆசைப்படும் அந்தச் சாய்ந்த பொன்வெயில், தெருவில் ஒரு சனமும் இல்லாத நேரத்தில் வந்து போய்விடும். மக்கள் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது வெயில் உச்சந்தலைக்கு ஏறத் தொடங்கியிருக்கும். செப்டெம்பர் கடைசியில் சூரியோதயம் ஏழு மணி. பகல் நாளுக்கு மூன்று நிமிடம் அளவில் சுருங்கிக்கொண்டே போகிறது. அப்போதுதான் அந்த வெயில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மேலும், இரவு வேலை முடிந்து சாப்பாட்டுப் பையோடு நடந்து வருபவர்கள் மேலும், பிள்ளைகளைத் தெருக் கடக்க வைக்கும் ஆளின் கையில் இருக்கும் பலகை மேலும் விழுகிறது. நல்ல வெளிச்சமும் அன்றாட வாழ்க்கையும் ஒரே மணிநேரத்தில் சந்திக்கும் சில கிழமைகள் அவை. என்னைப் பொறுத்தவரை இலையுதிர்காலம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அதுதான். மரம் பிறகு மெதுவாக வரட்டும்.

மார்க்கம் வீதிப் பக்கம் ஏழரைக்கு நின்றால், எதிர் வெயிலில் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் லேசாக ஆவி வருவது தெரியும். ஒருவர் இன்னும் அரைக்கைச் சட்டையில் இருப்பார். பக்கத்தில் நிற்பவர் அதற்குள் தொப்பியும் கையுறையும் போட்டிருப்பார். பனிக்காலத்தைக் கண்டு எத்தனை வருடம் என்பதை உடுப்பைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். பின்னால் நிற்கும் மரம் பச்சையாக இருந்தாலும் படம் பார்ப்பவருக்கு எந்த மாதம் என்று விளங்கிவிடும். (பள்ளிப் பிள்ளைகளின் முகம் தெரிய நான் எடுப்பதில்லை. பெற்றோர் பக்கத்தில் நின்று சம்மதித்தால் மட்டும்.)

எங்கள் தெருவில் இத்தாலியக் குடும்பம் ஒன்று. கோடை முடியும் நேரத்தில் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டி பெட்டியாகத் தக்காளி வாங்கி, ஒரு வருடத்துக்கு வேண்டிய சோஸை அரைத்துப் போத்தலில் அடைப்பார்கள். மூன்று தலைமுறையும் அங்கே நிற்கும். தக்காளிச் சாறு தெறித்த கைகளை எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. சிவப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதைக் காட்டினால் சிரிக்கிறார்கள்.

தமிழ் வீடுகளின் பின்வளவில் நடப்பது இன்னும் அழகு. இரவு வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்கப் போகிறது என்ற செய்தி வந்தால், கோடை முழுக்க வெளியே நின்று தழைத்த கறிவேப்பிலைச் சாடி உள்ளே போக வேண்டும். அது லேசான வேலை அல்ல. சிலர் வீட்டில் மரம் ஆள் உயரத்துக்கு நிற்கும். முதலில் சவர்க்காரத் தண்ணியால் இலையின் அடிப்பக்கம் எல்லாம் கழுவுவார்கள். பூச்சியோடு உள்ளே போனால் பனிக்காலத்துக்குள் மரம் போய்விடும். பிறகு இரண்டு பேர் சாடியைப் பிடிக்க, மூன்றாமவர் கதவைப் பிடிக்க, உள்ளே இருந்து ஒருவர் "சுவரிலை முட்டுது, சுவரிலை முட்டுது" என்று சத்தம் போட, மரம் வரவேற்பறை யன்னலோரம் போய்ச் சேரும். வேலியில் கடைசிப் பாகற்காய்களை ஆய்ந்து கொடியை அறுப்பதும் அதே கிழமைதான்.

இப்படி ஒரு வீட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா கேட்டார், "இதை ஏன் தம்பி எடுக்கிறீர்? கொட்டில் மாதிரிக் கிடக்குது. இலை சிவந்த பிறகு வாருமன், வடிவா எடுக்கலாம்."

"அன்ரி, நீங்கள் வேலையைப் பாருங்கோ" என்றேன். அப்புறம் அவர் கமராவையே மறந்துவிட்டார். எனக்கு அதுதான் வேண்டும்.

ஸ்காபரோவில் ஓடும் ஹைலண்ட் கிரீக் ஓடையில் சால்மன் மீன் ஏறுவதும் இந்தக் காலத்தில்தான். ஒன்ராறியோ ஏரிக்குச் சொந்தமான அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துபோனது. இப்போது நாம் அதிகம் காணும் சினூக் இனம் மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்து, 1960களின் பிற்பகுதி தொடக்கம் பெரும் ஏரிகளில் விட்டு வளர்த்தது. ஆக அதுவும் எங்களைப் போல வந்து குடியேறியதுதான். மோர்னிங்சைட் பூங்காப் பக்கம், முழங்கால் ஆழத் தண்ணீரில் கைநீள மீன்கள் கல்லில் உரசிக்கொண்டு எதிர்த்து ஏறும். தண்ணீர்மேல் வானம் பளபளக்கும். போலரைசர் வடிகட்டியைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடங்கி மீனின் முதுகு தெரியும். ஆனால் நான் அரைவாசி நேரம் கரைப் பக்கம்தான் திரும்பி நிற்பேன். சீனத்துப் பாட்டி, தலைப்பாகை கட்டிய தாத்தா, தள்ளுவண்டியில் குழந்தை, எல்லோரும் ஒரே மீனைப் பார்த்து ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பார்கள். "குழம்புக்கு ஆகுமோ?" என்று தமிழில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும். ஆகாது. ஆற்றில் ஏறத் தொடங்கிய பிறகு அவை சாப்பிடுவதில்லை, சதை தளர்ந்துபோய்விடும். முட்டை இட்டபின் இறந்துவிடும்.

ஏரிக்கரையில் இருக்கும் ரொசெட்டா மக்லெயின் தோட்டத்துக்கும் ஒருமுறையாவது போவேன். பருந்துகள் அகன்ற ஏரியைக் கடக்க விரும்புவதில்லை; கரையை ஒட்டியே மேற்கே போகும். வடமேற்குக் காற்று அடிக்கும் செப்டெம்பர் நாளில் அங்கே மேலே பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு வரும். எனக்கு நல்ல பருந்துப் படம் ஒன்றும் இல்லை. அதற்கு வேண்டிய லென்ஸின் விலையைக் கேட்டால் கலியாண வீடுகள் பலவற்றை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

இந்தப் படங்களை ஒரு தமிழ் மாத இதழுக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். சாடிப் படத்தில் கொஞ்சம் நின்றார். கடைசியில் அட்டைக்கு எடுத்தது சிவப்பு மேப்பிள் பாதையைத்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒக்டோபர் இதழின் அட்டையில் கறிவேப்பிலை இருந்தால் சமையல் மலர் என்று நினைப்பார்கள்.

ஒக்டோபர் முடியும்போது வீட்டுக்கு வீடு கடதாசிப் பைகளில் இலையைக் கூட்டி அடைத்து ஓரத்தில் வைத்திருப்பார்கள், டயர் மாற்றும் கடைகளில் வரிசை நீளும். பலர் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் அந்த நேரத்தில் நோர்வே மேப்பிள் அப்போதுதான் மஞ்சளாகும். ஐரோப்பாவிலிருந்து வந்த தெருவோர மரம் அது. பள்ளத்தாக்குகளில் பரவி இந்த மண்ணின் செடிகளை நெருக்குகிறது என்று இயற்கை ஆர்வலர்களுக்கு அதன்மேல் கோபம். நியாயமான கோபம்தான். ஆனாலும் சிவப்பைத் தவறவிட்டவர்களுக்கு அதை நம்பித்தான் நவம்பர் முதல் வாரத்துக்கு, கொஞ்சம் குறைந்த கட்டணத்தில், பதிவு எடுக்கிறேன். நிபந்தனை இரண்டு. நவம்பர் தொடக்கத்தில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணிநேரம் பின்னால் திருப்பியபின் ஐந்து மணிக்கே இருண்டுவிடும், ஆகவே மூன்று மணிக்கு வந்து நிற்க வேண்டும். படம் எடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் குளிர் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். முதலாவதற்கு எல்லோரும் சரி என்கிறார்கள்.