காலி சிலிண்டர் மோதும் சத்தம்

வெள்ளம் வந்த பிறகு அரசாங்கத்திடம் பணம் கேட்பது ஒரு வேலை. வருவதற்கு முன்னால் கேட்பது வேறு வேலை. பெங்களூரில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் இருந்துகொண்டு இரண்டுக்கும் மனு தயாரித்திருக்கிறேன். முதலாவதில் கஷ்டம் குறைவு. இடிந்த சுவர், மிதக்கும் பாத்திரம், படகில் ஏறும் பாட்டி என்று படங்கள் இருக்கும். இடிந்த வீட்டுக்கு இவ்வளவு, செத்த மாட்டுக்கு இவ்வளவு என்று விதியும் இருக்கும். எண்ணிக்கையைப் போட்டுப் பெருக்கினால் முடிந்தது. இரண்டாவதில் படம் கிடையாது. இன்னும் வராத வெள்ளத்தைத் தடுத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று ரூபாயில் எழுத வேண்டும். அதுவும் படிக்கிறவர் நம்பும்படி.

சட்டத்தில் இந்த இரண்டாவது வேலைக்கு 2005லேயே இடம் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரணத்துக்கு ஒரு நிதி, தணிப்புக்கு (அதாவது பேரிடர் வருவதற்கு முன்னாலேயே சேதத்தைக் குறைப்பதற்கு) ஒரு நிதி என்று இரண்டையும் சொன்னது. ஆனால் தேசியத் தணிப்பு நிதிக்கான அறிவிக்கை 2021 பிப்ரவரியில்தான் வந்தது. பதினைந்தாவது நிதிக்குழு ஒரு கோடு கிழித்தது: மாநிலங்களின் பேரிடர் நிதியில் நூற்றுக்கு எண்பது நிவாரணம், மீட்பு வகைக்கு; இருபது தணிப்புக்கு. 2021 முதல் 2026 வரை எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 1,60,153 கோடி ரூபாய். அதில் தணிப்பின் பங்கு 32,031 கோடி. இது தவிர தேசிய நிதியிலிருந்து நகர வெள்ளத்துக்கென்று 2,500 கோடி. சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்குத் தலா 500. பெங்களூர், ஹைதராபாத், அகமதாபாத், புனேவுக்குத் தலா 250.

கடலும் கிடையாது, ஆறும் கிடையாது, மூவாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஊருக்கு வெள்ளப் பணம் 250 கோடியா என்று சென்னையிலிருந்து வந்த என் மச்சான் ஒருமுறை சிரித்தான். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு 131.6 மி.மீ. கொட்டி, ஐ.டி. ஆட்கள் டிராக்டரில் தொற்றிக்கொண்டு ஆபீஸ் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மேட்டில் இருப்பதுதான் இந்த ஊரின் சிக்கலே. மழைத்தண்ணீர் முதுகிலிருந்து வழிவது மாதிரி பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கும். அந்தக் காலத்தில் ஏரிக்கு ஏரி சங்கிலி போட்டு, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போக ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாய்களை வெட்டி வைத்திருந்தார்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. கோரமங்களாவில் எஸ்.டி. பெட் லேஅவுட் என்று ஒன்று இருக்கிறது. ஸ்ரீனிவாகிலு டேங்க் பெட் என்பதன் சுருக்கம், அதாவது ஏரிப்படுகை. விளம்பரப் பலகையிலேயே ஏரி என்று எழுதி வைத்துத்தான் மனை விற்றிருக்கிறார்கள், வாங்கினவர்களுக்கு அது ஏதோ பெரிய மனிதர் பெயரின் முதலெழுத்தாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் விழுந்து, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரையாக எழும்பும். என் ஊர் அந்த ஆற்றங்கரையில்தான். இங்கே நான் எழுதுகிற மனுவின் கடைசிப் பக்கம் எங்கள் ஊரில் வெள்ளை வெள்ளையாகப் பறக்கிறது என்று அம்மாவிடம் சொல்வேன்.

இதையெல்லாம் பத்துப் பக்கம் உருகி எழுதலாம். மனுவைப் பரிசீலிக்கிறவர் முதலில் புரட்டிப் பார்ப்பது ஒரே ஒரு கட்டத்தை: ஒரு ரூபாய் போட்டால் எத்தனை ரூபாய் சேதம் மிச்சம். விகிதம் ஒன்றைத் தாண்டினால் மேலே பேசலாம். தாண்டாவிட்டால் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம்.

அந்தக் கட்டத்துக்குப் போகும் வழி இப்படி. இரண்டு வருடத்துக்கொரு மழை, ஐந்து வருடத்துக்கொன்று, இருபத்தைந்து வருடத்துக்கொன்று என்று மழைகளை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம் நிற்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்போம். அத்தனை ஆழத்துக்கு வீட்டில் எத்தனை ரூபாய் போகும் என்று ஒரு வளைகோடு வைத்திருப்போம். எல்லாவற்றையும் சேர்த்தால் வருடத்துக்குச் சராசரியாக இவ்வளவு சேதம் என்று ஒரு எண் விழும். (இருபத்தைந்து வருடத்துக்கொரு மழை என்றால், எந்த வருடத்திலும் அது வர நூற்றுக்கு நாலு வாய்ப்பு என்று மட்டுமே அர்த்தம். "அதுதான் போன வருஷமே வந்துட்டுதே சார், இனிமே இருபத்துநாலு வருஷம் நிம்மதி" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தலையாட்டினார்கள்.)

நான் சொல்ல வருகிற மனு கோரமங்களா பள்ளத்தாக்கில் ஒரு கிளைக் கால்வாய் பற்றியது. அதன் மேல்பகுதியில் காம்பவுண்டு சுவர் கட்டின வில்லாக்கள். கீழே, கால்வாயை ஒட்டி, இருபதுக்குப் பதினைந்து அடி மனைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின வீடுகள். முக்கால்வாசித் தமிழ்க் குடும்பங்கள், ஆரணி, திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம் இருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்தவை. பணம் ஏதாவது ஒரு பகுதிக்குத்தான் போதும். கணினி நொடியில் பதில் சொன்னது. வில்லாப் பகுதிக்கு விகிதம் ஒன்றைத் தாண்டிக் கம்பீரமாக நின்றது. கீழ்ப்பகுதி ஒன்றைத் தொடவே இல்லை.

ஏன் என்று யோசிக்கவே தேவையில்லை. வில்லாவில் தண்ணீர் புகுந்தால் மரத்தரை, லிஃப்ட், அடித்தளத்தில் நிற்கும் இரண்டு கார். கீழே ஒரு கட்டில், ஒரு கிரைண்டர், மாதத் தவணையில் வாங்கின ஃபிரிட்ஜ். ரூபாயில் எழுதினால் ஏழை வீட்டு வெள்ளம் சின்ன வெள்ளம். இது எனக்குத் தெரிந்தே இருந்தது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று அச்சுக்கும் கொடுத்துவிட்டேன்.

எங்கள் மூத்த ஆலோசகர் கர்நாடக நீர்ப்பாசனத் துறையில் ஓய்வு பெற்றவர். எந்த மனுவையும் பென்சிலோடுதான் படிப்பார். கீழ்ப்பகுதித் தெருக்களின் ஆழத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "ஈ நம்பர் எல்லிந்தா?" என்றார். மாடலிலிருந்து வந்தது என்றேன். "மாடல் அல்ல, நீவு ஹோகித்ரா?" நான் போகவில்லை. ட்ரோன் சர்வே இருந்தது, தெரு மட்டம் எல்லாம் சென்டிமீட்டர் சுத்தமாக இருந்தது, எதற்குப் போவது?

மறுநாள் போனேன். தெருமுனையில் இட்லி வண்டி வைத்திருக்கும் ஓர் அக்கா, வியாபாரம் முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளக் கணக்கு எடுக்க வந்திருக்கிறேன் என்றதும் முதலில் கேட்டது, "பேரு எழுதுவியா தம்பி?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கால்வாயின் ஓரத்திலிருந்து இத்தனை மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்று விதி இருக்கிறது. அந்தத் தூரம் எத்தனை என்பதையே 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் கூட்டி, 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சண்டை மேலே நடக்கும். இடிக்கும் இயந்திரம் கீழே வரும். என் மனுவில் 'பயனாளி' என்று ஏறும் வீட்டு எண், இன்னொரு கோப்பில் 'ஆக்கிரமிப்பு' என்று ஏறிவிடலாம். காப்பாற்றுவதற்கு எண்ணினாலும் பயம்.

"பேரும் வேணாம், நம்பரும் வேணாம்க்கா. தண்ணி எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுங்க."

"எவ்வளவுன்னா? சிலிண்டர் அடிக்கிற வரைக்கும் வரும்."

புரியாமல் பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் கூட்டிப்போனார். அப்போதுதான் கவனித்தேன், தெருவிலிருந்து வீட்டுக்குள் இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போக, வீடு அங்கேயே நின்றுவிட்டது. வாசல் ஓரத்தில் ஒரு காலி சிலிண்டர். மழை மாதங்களில் காலியானதை உடனே புக் பண்ண மாட்டாராம். ராத்திரி தண்ணீர் உள்ளே வந்து ஏறினால் சிலிண்டர் கிளம்பி, சாய்ந்து, சுவரில் டங் டங் என்று இடிக்கும். அந்தச் சத்தத்தில் எழுந்து பிள்ளைகளை மாடிப்படியில் ஏற்றுவார். அப்புறம் ரேஷன் கார்டு டப்பா, அப்புறம் மாவு.

"மாவு போச்சுன்னா ரெண்டு நாள் வண்டி கிடையாது தம்பி."

சிலிண்டரின் கழுத்தில் காலி எடை எழுதியிருக்கும். ஏறக்குறைய 15 கிலோ. சுற்றளவை நூல் போட்டு அளந்து, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினைந்து லிட்டர் தண்ணீரை ஒதுக்கினால் அது மிதக்கும். அடி வளையத்தையும் சேர்த்தால் முக்கால் அடி, அதற்குக் கொஞ்சம் மேலே. ஆர்க்கிமிடீஸ் வாசலிலேயே காவலுக்கு நின்றிருக்கிறார்.

"வருஷத்துக்கு எத்தனை தடவைக்கா அடிக்கும்?"

"மூணு. சில வருஷம் நாலு."

என் மாடல் அந்தத் தெருவில் இரண்டு வருட மழைக்குத் தண்ணீரே நிற்காது என்று சொல்லியிருந்தது. தெரு மட்டத்துக்கு அது உண்மை. வீட்டுக்குள் என்ன மட்டம் என்று நான் அதற்குச் சொல்லவே இல்லை. தவறு கணினியுடையது இல்லை, என்னுடையது.

அடுத்த இரண்டு நாள், ஒரு கொத்தனாரிடம் லெவல் டியூப் இரவல் வாங்கினோம். தண்ணீர் நிரப்பின, கண்ணாடி மாதிரித் தெரிகிற அந்த பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைத் தெருவில் என் உதவியாளர் பிடிக்க, மறு முனையோடு நான் வீடு வீடாக இறங்கினேன். அறுபதுக்கும் மேல் வீடுகள். பெயர் கேட்கவில்லை. தரை தெருவுக்கு எத்தனை அங்குலம் கீழே, வருடத்துக்கு எத்தனை தடவை, தண்ணீர் வந்தால் எத்தனை நாள் கூலி போகும், வட்டிக்கு வாங்குவீர்களா: இவ்வளவுதான். ஒரு வீட்டில் பாட்டி ஒருத்தி, குழாயைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்கு ஊசி போட வந்திருக்காங்கடி" என்று பேத்தியைக் கூப்பிட்டாள்.

அந்த மட்டங்களைப் போட்டு மறுபடி ஓட்டினேன். ஒரு தடவைக்கு வீட்டுக்குச் சேதம் இன்னும் சின்னதுதான். ஆனால் அது வருடத்துக்கு மூன்று தடவை வருகிறது. வில்லாக்காரருக்குப் பல வருடத்துக்கு ஒரு தடவை பெரிதாக வருகிறது. கூட்டிப் பார்த்தால், போன கூலியையும் சேர்த்தபோது, கீழ்ப்பகுதியின் விகிதம் ஒன்றைத் தாண்டியது. அதிகமாக இல்லை, தாண்டியது. எத்தனை ரூபாய் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், எத்தனை தடவை என்று கேட்கவில்லை. இந்த வேலைக்கு வந்த முதல் வருடமே தெரிந்திருக்க வேண்டிய பாடம், பதினோராவது வருடத்தில் வந்தது.

பரிசீலனையிலிருந்து கேள்விகள் வந்தன. ஒரு கேள்வி: "இணைப்பு 7, காலி எரிவாயு உருளை: எந்த வழிகாட்டி நூலின்படி?" நானும் ஆலோசகரும் அரை மணி நேரம் சிரித்துவிட்டு, மிதவை விதியை ஒன்பதாம் வகுப்புக் கணக்குப்போல் நான்கு வரியில் எழுதி, லெவல் டியூப் அளவுகளை அட்டவணையாகச் சேர்த்து அனுப்பினோம். இதே வேலைக்கு வேறு திட்டத்தில் பணம் வாங்கவில்லை என்ற சான்று, நிலம் யாருடையது என்ற சான்று, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற சான்று. இவற்றுக்குத்தான் உண்மையில் அதிக மாதங்கள் போயின. அதைப் பற்றி எழுதினால் எனக்கே தூக்கம் வரும்.

கடைசியில் பாதி வந்தது. கால்வாய்ச் சுவரை உயர்த்தவும், ஒரு வண்டல் பிடிப்புத் தொட்டிக்கும், மட்டம் காட்டும் சென்சார் ஒன்றுக்கும் ஒப்புதல். வீட்டுத் தரையை உயர்த்த நாங்கள் கேட்டிருந்த சிறு தொகையை, தனியார் சொத்து என்று அடித்துவிட்டார்கள். அடித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாருடைய தரையையும் உயர்த்தக் கிளம்பினால் எந்த நிதியும் தாங்காது. ஆனால் மொத்த மனுவில் ரூபாய்க்கு அதிகம் மிச்சம் காட்டின வரி அதுதான்.

சுவர் வேலை முடிந்த பிறகு, யூ.சி.க்கு, அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான சான்றுக்கு, இணைக்கப் படம் எடுக்கப் போயிருந்தேன். அக்கா இட்லி வண்டியில் இல்லை. மாடியிலிருந்து குரல் கொடுத்தார். கடன் வாங்கி மேலே இன்னொரு அறை போட்டு அங்கே ஏறிவிட்டாராம். கீழ் வீட்டை ராய்ச்சூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு கட்டட வேலைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். தண்ணீர் வரும் என்று சொல்லித்தான் விட்டேன், வாடகையும் குறைச்சல்தான் என்றார்.

கீழே எட்டிப் பார்த்தேன். வாசல் ஓரத்தில், பழைய இடத்திலேயே, பெரிய சிலிண்டர் நின்றது. அவர்களுடைய அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து கிலோ சின்ன சிலிண்டர்.

"அது என்னோடதுதான்" என்றார் மாடியிலிருந்து. "அவங்களுது குட்டி. இடிச்சா சத்தம் கேக்காது."