டென்னிஸ் ஃபார் டூ: பந்து துள்ளுகிறது, வலை இன்னும் வரவில்லை

1958 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்கு வந்த பார்வையாளர்களுக்காக வில்லியம் ஹிகின்போதம் வடிவமைத்த ‘டென்னிஸ் ஃபார் டூ’ விளையாட்டை, மைக்ரோகன்ட்ரோலரோ ஒரு வரி நிரலோ இல்லாமல், அனலாக் சுற்றுகளை (எண்களுக்குப் பதில் தொடர்ந்து மாறும் மின்னழுத்தத்தால் கணக்கிடுபவை) மட்டும் வைத்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மின்னழுத்தத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் திரையில் பந்து இப்போதுதான் தரையில் பட்டு முறையாகத் துள்ளுகிறது. வலையும் ஆட்டக்காரர்களின் பொத்தான்களும் இந்த ஒரு துள்ளலுக்காகவே இதுவரை காத்துக் கிடந்தன.

மூல விளையாட்டு டானர் மாடல் 30 என்ற அனலாக் கணினியில் ஓடியது. ராபர்ட் டிவோராக் அதைக் கட்டி முடித்தார். அதிலிருந்த பத்து ஆப்-ஆம்ப்களில் (கணக்கீட்டுக்கு உதவும் மின்னழுத்தப் பெருக்கிகள்) நான்கு மட்டுமே பந்தின் இயக்கத்தைக் கணக்கிட்டன. மீதி ஆறும் பந்து தரையிலோ வலையிலோ பட்டதை உணர்ந்து, ஆட்டத்தை உரியவரிடம் மாற்றிவிடும் வேலையைப் பார்த்தன. பறப்பதைவிட மோதுவதுதான் கடினம் என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

பறக்கும் பகுதி எனக்கு அதிகத் தொல்லை தரவில்லை. ஈர்ப்பு மின்னழுத்தத்தை ஒரு இன்டக்ரேட்டர் (உள்ளீட்டை நேரப்போக்கில் கூட்டிக்கொண்டே போகும் சுற்று) திசைவேகமாக்குகிறது; அடுத்தது அதை உயரமாக்குகிறது; இரண்டிலும் 1 மெகாஓம் மின்தடை, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. இங்கே 741 வகை ஆப்-ஆம்ப் வேண்டாம்: அதன் 80 நானோஆம்பியர் உள்ளீட்டு மின்னோட்டமே வெளியீட்டை நொடிக்கு 80 மில்லிவோல்ட் நகர்த்திவிடும். டிஎல்072 வகை ஆப்-ஆம்ப் அமைதியாக இருக்கிறது. மின்தேக்கி பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். பீங்கான் வகைகள் பலவற்றில் மின்னழுத்தத்தோடு கொள்திறனும் மாறுவதால் பந்து வரையும் பரவளையம் கோணிப்போகிறது.

துள்ளலுக்கு முதலில் ரிலேயை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, நம்பினேன். உயரம் சுழியைத் தொட்டதும் ஒப்பீட்டுச் சுற்று ரிலேயை இழுத்துத் திசைவேகத்தின் குறியை மாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. ரிலேயின் தொடுமுனைகள் மூடும்போது துடிக்கின்றன. அந்தச் சில மில்லிநொடிகளில் குறி இரண்டு முறை மாறிவிட்டால் பந்து தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே தரையை ஒரு விறைப்பான ஸ்பிரிங்காக மாற்றினேன்: உயரம் சுழிக்குக் கீழே இறங்கும்போது மட்டும் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று கடத்தி, திசைவேக இன்டக்ரேட்டரை எதிர்த் திசையில் தள்ளும். வெறும் 1என்4148 டையோடைப் போட்டால் 0.6 வோல்ட் ஆழம் வரை அது கடத்தாது. ஒரு கட்டத்துக்கு ஒரு வோல்ட் என்று வைத்த திரையில் பந்து அரைக் கட்டத்துக்கு மேல் புதைந்த பிறகே எழுகிறது. டையோடை ஆப்-ஆம்பின் பின்னூட்டத்துக்குள் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் பாதை) வைத்தவுடன் அந்தக் குழி மறைந்தது.

அடுத்த பிடிவாதம் மின்தடையின் மதிப்பு. தள்ளும் பாதையில் 1 கிலோஓம் வைத்தால் தொடும் நேரம் 100 மில்லிநொடி. பந்து பிசைந்த மாவு உருண்டை போல அமுங்கிக் கிடந்து எழுகிறது. 100 ஓமில் அது 31 மில்லிநொடியாகக் குறைந்து, ‘டக்’கென்று எழும்பியது. ஆனால் ஆற்றல் இழப்பே இல்லாததால் ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தது. தரையைத் தொட்டிருக்கும் நேரத்தில் மட்டும் ஒரு சிடி4066 மின்னணு சுவிட்ச் 68 கிலோஓம் மின்தடையைத் திசைவேக இன்டக்ரேட்டரின் மின்தேக்கிக்குக் குறுக்கே இணைக்கும்படி செய்தேன். இப்போது ஒவ்வொரு துள்ளலிலும் திசைவேகத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதமும், அதனால் உயரத்தில் அறுபத்துமூன்று சதவீதமும் மிஞ்சுகின்றன. பார்க்க அசல் டென்னிஸ் பந்துதான். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பாலிபுரொப்பிலீன் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி தேடுபவர்கள் சென்னை ரிச்சி தெருவில் ஆடியோ உதிரிபாகங்கள் விற்கும் கடைகளில் கேட்கலாம். ஒலிபெருக்கி கிராஸ்ஓவருக்கு (தாழ், உயர் ஒலிகளைப் பிரிக்கும் சுற்று) வருவதே போதும். இணையத்தில் வாங்கிய ஒரு பொட்டலத்தில் பாலியெஸ்டரை அனுப்பிவிட்டு, திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்பின் எக்ஸ்-ஒய் காட்சி (ஒரு மின்னழுத்தத்தை இன்னொன்றுக்கு எதிராக வரைவது) புள்ளிகளைச் சிதறடிக்கிறது. பழைய பாஸ்பர் குழாய்த் திரையே இதற்கு ஏற்றது.

வலைக்கு மூலத்தில் செய்ததைப் போலவே பந்து, தரை, வலை மூன்றையும் ஒரே கதிர் நொடிக்கு ஏறத்தாழ 36 முறை மாறி மாறி வரைய வேண்டும். அங்கே இந்த வேகமான மாற்றத்துக்கு மட்டும் டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்தினார்கள். அதற்குள் மனம் 1959 வடிவத்துக்குத் தாவுகிறது. அதில் நிலவின் ஈர்ப்பிலும் வியாழனின் ஈர்ப்பிலும் ஆட முடிந்தது. ஈர்ப்பு உள்ளீட்டின் 1 மெகாஓமுக்குப் பதிலாக 390 கிலோஓம் வைத்தால் வியாழன், 6 மெகாஓம் அளவுக்கு ஏற்றினால் நிலவு. சுழல் சுவிட்சை வாங்கி வைத்தாயிற்று. வலைக்கான டிரான்சிஸ்டர்கள்தாம் இன்னும் வாங்கப்படவில்லை.