பெக்கடில்லோ: ஒரு குட்டிப் பாவத்தின் வேரைப் பிடித்து ஜிஆர்இ சொற்களைப் படித்த கதை

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வின் ஆங்கிலச் சொற்பட்டியலை அகர வரிசையில் உருப்போட்டால், 'பி' வருவதற்குள் 'ஏ' மறந்துபோகும். அதனால் பாதியில் வரிசையை விட்டுவிட்டு வேர் வழியாகப் படிக்க ஆரம்பித்தேன். அந்த வழி எனக்குப் பிடிபட்டது பெக்கடில்லோ என்ற சொல்லில்தான்.

பட்டியல்களில் அதற்குப் பொருள் 'சிறு தவறு'. அவ்வளவுதான். லத்தீனில் 'பெக்காரே' என்றால் தவறுதல், பாவம் செய்தல். ஸ்பானிய மொழியில் 'பெகாடோ' என்றால் பாவம். அதோடு 'இல்லோ' என்ற சிறுமை விகுதி ஒட்டினால் குட்டிப் பாவம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஆங்கிலத்துக்கு வந்தது.

இந்த இரண்டு துண்டுகளும் வேறு எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடுங்கள். ஆர்மடில்லோ என்ற விலங்கின் பெயருக்குக் குட்டிக் கவசக்காரன் என்று பொருள். 'கெர்ரா' என்ற போர் சிறுத்துக் கெரில்லா ஆனது. வேர்ப் பக்கம் போனால் இம்பெக்கபிள்: முதலில் 'பாவமே செய்ய இயலாத', இப்போது 'குறையே சொல்ல முடியாத'. ஆனால் ஒலியை மட்டும் நம்பி உறவு கொண்டாட வேண்டாம். காட்டுப்பன்றி மாதிரி இருக்கும் பெக்கரிக்கும் பாவத்துக்கும் சம்பந்தமில்லை; அந்தப் பெயர் கரீப் மொழியிலிருந்து வந்தது.

சரி, இதெல்லாம் தேர்வுக்கு எதற்கு? 2011இல் ஜிஆர்இ மாறியபோது எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ள ஒரு வகைக் கேள்வியில் ஒரு சொல் விடுபட்ட வாக்கியம், ஆறு சொற்கள். வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண். இங்கே பொருளைவிடச் சொல்லின் கனம் முக்கியம். பெக்கடில்லோ என்று சொல்லும்போதே 'போகட்டும், விடு' என்ற தொனி கூடவே வருகிறது. மிஸ்டிமீனர் அப்படியல்ல. அமெரிக்கச் சட்டத்தில் அது ஃபெலனி என்ற பெருங்குற்றத்துக்குக் கீழே உள்ள குற்றம்; சிறிதானாலும் வழக்கு உண்டு. ஃபாய்பிள் செயலே அல்ல, ஒருவருடைய சுபாவத்தில் உள்ள சின்னப் பலவீனம். வாள் அலகின் வலுவற்ற பகுதிக்கும் அதே பெயர்தான். மூன்றையும் 'சிறு குறை' என்று ஒரே வரியில் எழுதி வைத்தவர் தேர்வறையில் திணறத்தான் செய்வார்.

மன்னிக்கத்தக்க தவறுக்கு அடைமொழியாக வருவது வீனியல். 'வேனியா', அதாவது மன்னிப்பு, என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பக்கத்திலேயே வீனல் நிற்கும். அது விற்பனையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்து, காசுக்கு விலைபோகிறவரைச் சொல்வது. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், தேர்வு வைப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த ஜோடி. இரண்டையும் குறிப்பேட்டில் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் போட்டு வையுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்தின் மேலேயே பெக்கடில்லோவுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.