ரைன்பெர்கரின் கான்டிலேனா: ஏழாவது வாரத்தில்

நேற்று மாலை செய்த பதிவில்தான் முதல் தடவையாக வலது கையின் மெட்டு பாடுவது போலக் கேட்டது. ஆர்கனில் இந்தக் கான்டிலேனாவை, அதாவது பாட்டு போல ஓடும் ஒரு மெதுவான பகுதியை, பழக ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. சபைமுன் வாசிக்க இன்னும் ஒன்பது நாள். எது எப்போது பிடிபட்டது என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

யோசெஃப் ரைன்பெர்கர் 1839இல் லீக்டன்ஸ்டைனின் வடூஸில் பிறந்தவர். ஏழு வயதிலேயே அங்கே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், பிற்பாடு மியூனிக்கில் ஆசிரியராக இருந்தார். 20 ஆர்கன் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) எழுதினார், ஒவ்வொன்றும் வேறு ஸ்கேலில். நான் எடுத்திருப்பது 1887இல் எழுதிய 11ஆவது சொனாட்டா, டி மைனர், ஓபஸ் (படைப்பு எண்) 148. முதல் பகுதி முழுக்கக் கொந்தளிப்பு. அது அடங்கியதும் எஃப் மேஜரில் இந்தக் கான்டிலேனா வருகிறது, சுமார் ஐந்து நிமிடம். வலது கை ஒரு மேனுவலில் (கையால் வாசிக்கும் விசைவரிசை) நீண்ட மெட்டைப் பாடும், இடது கை இன்னொன்றில் மெல்லிய கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்திருக்கும், கீழே காலால் வாசிக்கும் பெடலில் குவேவர்கள் (அரைத் துடிப்புச் சுரங்கள்) ஒரே சீராக நடந்துகொண்டிருக்கும். பாக்கின் ‘ஏர்’ கேட்டவர்களுக்கு அந்த நடை உடனே நினைவுக்கு வரும்.

முதல் இரண்டு வாரம் வலது கையைத் தொடவே இல்லை. பெடலும் இடது கையும் மட்டும், மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 குவேவர். இசைத்தாளில் ஒவ்வொரு பெடல் சுரத்துக்கும் குறி போட்டேன்: கூரை போன்ற குறி நுனிக்கால், அரைவட்டம் குதிகால், சுரத்துக்கு மேலே இருந்தால் வலது, கீழே இருந்தால் இடது. அலுப்பான வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு கால் தடுமாறவில்லை. கீழே பார்க்க வேண்டிய தேவையும் போய்விட்டது.

மூன்றாம் வாரம் மெட்டைச் சேர்த்தபோது எல்லாச் சுரமும் சரியாக இருந்தது, ஆனால் பாட்டு இல்லை. பியானோவில் ஒரு சுரத்தை அழுத்தி வாசித்தால் அது கனக்கும், பிறகு தானாகத் தேயும். ஆர்கனில் இரண்டும் இல்லை. எவ்வளவு பலமாக அழுத்தினாலும் அதே சத்தம், விரலை எடுக்கும்வரை அதே அளவு. அப்படியானால் ஒரு சுரத்தை முக்கியமாக்குவது எப்படி? அதற்கு முந்தைய சுரத்தை ஒரு இம்மி முன்னால் விட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளிதான் அடுத்த சுரத்துக்குக் கனம் தருகிறது. இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன், ஆனால் கைக்கு வர ஒரு மாதம் பிடித்தது.

வழி காட்டியது வாய்ப்பாட்டுதான். இரண்டு நாள் ஆர்கனை மூடி வைத்துவிட்டு மெட்டை வாய்விட்டுப் பாடினேன். மூச்சு எடுத்த இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு காற்புள்ளி. அந்த இடங்களில் மட்டும் விரல் எழும். மற்ற எங்கும் லெகாட்டோ (சுரங்கள் இடைவெளியின்றி இணைவது) அறுபடக் கூடாது என்பதற்காக, விசையை விடாமலே மூன்றாம் விரல் இருக்கும் இடத்தில் ஐந்தாம் விரலை வைத்து மாற்றிக்கொள்வதைத் தனியாகப் பழகினேன். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மாற்றங்கள் வருகின்றன.

அப்புறம் ஸ்டாப் தேர்வு, அதாவது எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்பது. ‘அடி’ என்பது குழாயின் நீளக் கணக்கு, நீளம் கூடினால் சுரம் தாழும். மெட்டுக்கு முதலில் ஓபோ 8 அடி வைத்தேன். தனியாகக் கேட்டால் அவ்வளவு அழகு, ஆனால் ஐந்து நிமிடம் தொடர்ந்தால் காது சோர்கிறது. ஃப்ளூட் 8 அடியும் 4 அடியும் சேர்த்ததில் நிம்மதி கிடைத்தது, இடது கைக்கு சாலிசியோனல் என்ற மெல்லிய ஸ்டாப். பெடலில் 16 அடியும் 8 அடியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று இசையமைப்பாளர் மெண்டல்சன் 1845இல் தன் ஆறு சொனாட்டாக்களின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார், மிக மெல்லிய இடத்திலும்கூட. இங்கேயும் அதுவே பொருந்துகிறது. 8 அடியை எடுத்துவிட்டு 16 அடியை மட்டும் வைத்துப் பார்த்தால் நடை உறுமலாகிவிடுகிறது.

ஸ்வெல் பெட்டியில் (குழாய்களை அடைத்திருக்கும், திறந்து மூடிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) நிறைய நேரம் வீணானது. வலது கால் அதை இயக்கும் தனிப் பெடலுக்குப் போனால் நடை முழுவதும் இடது காலின் தலையில் விழுகிறது, சீர் கெடுகிறது. சத்தம் ஏறி இறங்குவதா, நடை குலையாமல் இருப்பதா என்றால் எனக்கு நடைதான் முக்கியம். பெட்டியைப் பாதி திறந்து அப்படியே விட்டுவிட்டேன். மெட்டு உயரப் போகும்போது தானாகவே பெரிதாகக் கேட்கிறது, யாரும் ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

ஆறாம் வாரம் போனைக் கடைசி வரிசையில் வைத்துப் பதிவு செய்தேன். நான் உட்கார்ந்து வாசிக்கும் பெஞ்சில் தெளிவாக இருந்த பெடல் அங்கே ஒரே குழப்பம். 16 அடிக் குழாய் ஒலிக்கத் தொடங்கவே சற்று நேரம் எடுக்கும், அதோடு கட்டடத்தின் எதிரொலியும் சேர்ந்துகொள்கிறது. குவேவர்களுக்கு நடுவே கொஞ்சம் காற்று விட்டேன், எண்பது சதவீத நீளம் என்று சொல்லலாம். பெஞ்சில் அது வெட்டி வெட்டிக் கேட்கிறது, பின்வரிசையில் சீராக நடக்கிறது. காதை நம்பாமல் காலை நம்புவது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இப்போது நிமிடத்துக்கு 80 குவேவர் என்ற வேகத்தில் நிற்கிறேன். இதற்கு மேல் வேகம் வேண்டாம். பாக்கி இருப்பது கடைசி கார்டு மட்டும். மூன்று குரலும் பெடலும் ஒரே கணத்தில் எழ வேண்டும், நேற்று இடது கை பின்தங்கியது. இன்று அந்தக் கடைசி இரண்டு பார் (தாளக் கட்டம்) மட்டும், இருபது தடவை.