பந்தைத் திருப்பித் தராத கூட்டம்

சமநிலையே போதுமென்று இரு அணிகளும் தத்தம் பாதியிலேயே பந்தை உருட்டிக்கொண்டிருந்த ஒரு கால்பந்து ஆட்டத்தை இன்று தொலைக்காட்சியில் பார்த்தபோது, 1898 ஏப்ரல் 30 நினைவுக்கு வந்தது.

இங்கிலாந்து கால்பந்து லீக்கில் பதினாறு அணிகள் கொண்ட முதல் பிரிவில் கடைசி இடத்துக்குச் சரிந்திருந்த ஸ்டோக், கீழிறக்கத்தைத் தவிர்ப்பதற்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வர முயன்ற பர்ன்லியைத் தன் சொந்த மைதானத்தில் சந்தித்தது.

டிரா ஆனால் இருவருக்குமே முதல் பிரிவில் இடம் உறுதி.

பிறகென்ன, கோலை நோக்கி உருப்படியான உதை ஒன்றுகூட விழவில்லை. எரிச்சலடைந்த பார்வையாளர்கள், தங்கள் பக்கம் வந்த பந்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள்.

முடிவு 0-0.

பருவம் முழுவதும் தத்தளித்த ஸ்டோக்கை என்னால் குறைசொல்ல முடியவில்லை. ஓட்டை விதியில்தான் இருந்தது.

லீக் நிர்வாகம் முதல் பிரிவைப் பதினெட்டு அணிகளாக விரித்து, அதே சுற்றில் ஆடி, இந்த டிராவால் இடம் கிடைக்காமல் ஏமாந்து நின்ற நியூகாசிலையும் பிளாக்பர்னையும் சேர்த்துக்கொண்டு, அந்தத் தகுதிச் சுற்றையே ஒழித்துவிட்டது.