பகலிலும் விளக்கெரியும் வீடா? முதலில் டியூப்லைட்டை மாற்றுங்கள்

மும்பை தாராவியில் நம்மவர்கள் இருக்கும் சந்துகளில் வெயில் உள்ளே இறங்காது. பகலிலும் டியூப்லைட் எரியும். பழைய 40 வாட் டியூப், கனமான செம்புச் சோக்கோடு சேர்ந்து ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். தினம் 14 மணி நேரம் என்றால் மாதம் 21 யூனிட். 20 வாட் எல்இடி டியூப்லைட்டுக்கு 8.4 தான். கொஞ்ச நேரமே எரியும் கழிவறை பல்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், வெளிச்சத்தின் அளவான லூமெனைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்துக்கு 800 லூமென் போதும். எல்இடி பல்பைக் காற்றே புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால், அதற்கேற்ற மின்சாரத்தைத் தரும் உள் சர்க்யூட்டான டிரைவரில் உள்ள கெப்பாசிட்டர் என்ற பாகம் சூட்டில் வீங்கிச் சீக்கிரம் போய்விடும்.

அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுக்குகிறதா? பல்பின் மேல் பழி போடாதீர்கள். பல பழைய வீடுகளில் சுவிட்சைக் கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியில் வைக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். கை வைக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.