கேள்வியிலிருந்து காலத்துக்கு: ஒரு பணியிட ஆங்கில நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

பராமரிப்புப் பிரிவில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடுகின்றன. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எந்த வேலை முடிந்தது, எது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அடுத்து யார் என்ன செய்யப்போகிறார் என்பவையே அவை. தமிழில் இவற்றைக் கேட்க எவருக்கும் பயிற்சி தேவையில்லை. எதிரில் நிற்பவர் தமிழ் அறியாதவராக இருக்கும்போதுதான் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. பணியிட ஆங்கில வகுப்பில் நான் சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

முதல் வகுப்பிலேயே பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவம். அந்த அட்டவணையைத் தூக்கத்திலும் ஒப்பிக்கக்கூடியவர்கள் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்கத் தயங்கி நிற்பதைப் பலமுறை பார்த்திருப்பதால், அதன்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆகவே கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு, அது எந்தக் காலவடிவத்தைக் கேட்கிறது என்று பார்த்துப்போவதென முடிவு செய்திருக்கிறேன். கற்பதை அவ்வப்போது இங்கே எழுதுவேன்.

6 மார்ச் 2025, வியாழன்

'பம்ப் நின்றது' என்ற வாக்கியத்தின் இறுதியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் 'பம்ப் நின்றதா?' என்று கேள்வியாகிவிடுகிறது; எந்தச் சொல்லும் இடம் மாறுவதில்லை, காலமும் வினைக்குள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'த பம்ப் ஸ்டாப்ட்' என்பது 'டிட் த பம்ப் ஸ்டாப்?' என்றாகிறது. இங்கே நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 'ஸ்டாப்ட்' என்பதில் ஒட்டியிருந்த இறந்தகாலம் அதைவிட்டு நீங்கி, முன்னால் வந்து நிற்கும் 'டிட்' என்ற துணைவினைக்குள் போய்விடுகிறது. முதன்மை வினை வெறும் பகுதியாக மிஞ்சுகிறது. 'டிட் த பம்ப் ஸ்டாப்ட்?' என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் காலத்தை இரண்டு முறை சொன்னதாகும். நிகழ்காலத்திலும் இதே கதைதான். 'இட் லீக்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' கேள்வியில் 'டஸ்' என்பதோடு சேர்ந்துவிடுவதால் 'டஸ் இட் லீக்?' என்பதே சரி.

'இஸ்', 'ஹேஸ்', 'வில்', 'கேன்' போன்றவை வாக்கியத்தில் ஏற்கெனவே இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அவை தாமே எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும். தனியாக நிற்கும் நிகழ்கால, இறந்தகால வினைகளுக்குத்தான் முன்னால் அனுப்பத் துணை எதுவும் இல்லாததால் 'டூ', 'டஸ்', 'டிட்' ஆகியவற்றை வரவழைக்க வேண்டியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த ஏற்பாடு கிடையாது. 'நோ யூ ஹிம்?' (அவரை அறிவீர்களா?) என்று முதன்மை வினையையே முன்னால் வைத்துக் கேட்டார்கள். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் 'டூ' மெல்லப் பரவிப் பின்னர் கட்டாயமாகிவிட்டது. நம்மை இவ்வளவு அலைக்கழிக்கும் விதி, அந்த மொழிக்காரர்களுக்கே பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்று அறிவதில் சிறிய ஆறுதல் உண்டு.

9 மார்ச் 2025, ஞாயிறு

'ஹூ' என்று தொடங்கும் கேள்விகளை இன்று எடுத்துக்கொண்டேன். 'ஹூ க்ளோஸ்ட் த வால்வ்?' என்பதில் 'டிட்' இல்லை. 'ஹூ டிட் யூ கால்?' என்பதில் இருக்கிறது. தமிழில் 'யார் மூடினார்', 'யாரை அழைத்தீர்கள்', 'யாருக்குச் சொன்னீர்கள்' என்று வேற்றுமை உருபே வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லாததால், செய்தவரைக் கேட்கிறோமா செயலுக்கு உள்ளானவரைக் கேட்கிறோமா என்பதை 'டிட்' வருவதும் வராததுமே காட்டுகின்றன. கேள்விச் சொல்லே எழுவாயானால் துணை தேவையில்லை என்ற அளவில் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

13 மார்ச் 2025, வியாழன்

இதுவரை படித்தவற்றுள் அதிகச் சரக்கு உள்ள பகுதிக்கு இன்று வந்தோம். 'ஐ சேஞ்ச்ட் த ஃபில்டர்', 'ஐ ஹேவ் சேஞ்ச்ட் த ஃபில்டர்' ஆகிய இரண்டும் ஃபில்டர் மாற்றப்பட்டதைத்தான் சொல்கின்றன. முதலாவது ஒரு கடந்துபோன நேரத்தில் நின்று பேசுகிறது. இரண்டாவது இந்த நேரத்தில் நின்றுகொண்டு, நடந்து முடிந்ததன் விளைவு இப்போது கையில் இருப்பதைச் சொல்கிறது. 'மாற்றியிருக்கிறேன்' என்ற வடிவம் இந்த இரண்டாவதற்கு மிக அருகில் வருவதால், தமிழர்களுக்கு இது புரியாத ஒன்றன்று. இடறல் வேறோர் இடத்தில் இருக்கிறது. தமிழில் 'நேற்றே மாற்றியிருக்கிறேன்' என்று கூச்சமில்லாமல் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே', 'அட் டூ ஓ'க்ளாக்', 'லாஸ்ட் வீக்' என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்ட உடனேயே 'ஹேவ்' வெளியேறிவிட வேண்டும்.

இதைக் கேள்வியின் பக்கமிருந்து பார்க்கும்போது அட்டவணை தராத தெளிவு கிடைக்கிறது. 'வென்' என்று தொடங்கி நேரத்தைக் கேட்கும் கேள்வி 'ஹேவ்' வடிவத்தை ஏற்காது. 'வென் டிட் யூ சேஞ்ச் இட்?' என்றே கேட்க வேண்டும், பதிலும் 'ஐ சேஞ்ச்ட் இட் அட் டூ' என்றே வர வேண்டும். 'யெட்' என்று முடியும் கேள்வி பொதுவாக 'ஹேவ்' வடிவத்தை விரும்புகிறது: 'ஹேவ் யூ சேஞ்ச்ட் இட் யெட்?' பேச்சு வழக்கமாக இந்த வரிசையிலேயே நகர்கிறது என்பதையும் கவனித்தேன். முதலில் 'ஹேவ் யூ' என்று வேலை முடிந்ததா எனக் கேட்கிறார்கள். 'யெஸ், ஐ ஹேவ்' என்று பதில் வந்ததும் 'வென் டிட் யூ' என்று விவரத்துக்குள் இறங்குகிறார்கள். கேள்வி காலத்தைத் தீர்மானித்துக் கொடுக்கிறது. பதில் சொல்பவர் அதே துணைவினையைப் பிடித்துக்கொண்டால் போதுமானது. அமெரிக்கர்கள் 'டிட் யூ சேஞ்ச் இட் யெட்?' என்றும் சாதாரணமாகக் கேட்பார்கள் என்று ஆசிரியர் எச்சரித்தார். அதைப் பிழை என்று திருத்தப் புறப்படுவது வீண் வேலை.

16 மார்ச் 2025, ஞாயிறு

'2019 முதல் இங்கே வேலை செய்கிறேன்' என்பதில் நிகழ்காலம் வருகிறது. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளும் நம்மைப் போலவே இங்கே நிகழ்காலத்தைத்தான் பயன்படுத்துகின்றன என்பதால் அவர்களும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். ஆங்கிலம் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்று கேட்கிறது. தொடக்கப் புள்ளிக்கு 'சின்ஸ்', கால அளவுக்கு 'ஃபார்'. கேள்வி 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன்' என்று தொடங்கும். 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர்?' என்று கேட்டால், இன்னும் எத்தனை நாள் இங்கே தங்குவீர்கள் என்பதாக எதிராளி எடுத்துக்கொள்ளக்கூடும்.

20 மார்ச் 2025, வியாழன்

எதிர்மறைக் கேள்விகள். 'வால்வை மூடவில்லையா?' என்று கேட்டால், மூடாதவர் தமிழில் 'ஆமாம், மூடவில்லை' என்று சொல்வது இயல்பு. கேட்டவரின் ஊகம் சரி என்பதை அந்த 'ஆமாம்' ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'ஹேவ்ன்ட் யூ க்ளோஸ்ட் த வால்வ்?' என்ற கேள்விக்கு மூடாதவர் 'நோ' என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே ஆமாமும் இல்லையும் கேட்டவரின் ஊகத்தைப் பொருட்படுத்தாமல் செயல் நடந்ததா இல்லையா என்பதை மட்டுமே தொடர்கின்றன. வெறுமனே 'யெஸ்' என்று சொல்லிவிட்டுப் போனால், வால்வ் மூடப்பட்டதாக எதிராளி எழுதிக்கொள்வார். இலக்கணப் பயிற்சியில் அரை மதிப்பெண் போகும் விஷயம் இது. ஆலைத் தளத்தில் அப்படி விட்டுவிட முடியாது.

கப்பல் துறையினர் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொடர்பு வாக்கியத் தொகுப்பில், ஆம் என்ற பதிலுக்குப் பின் அதற்குரிய வாக்கியத்தை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. விமான வானொலியிலோ 'யெஸ்', 'நோ' என்பவற்றுக்குப் பதிலாக 'அஃபர்ம்', 'நெகட்டிவ்' என்ற சொற்களை வைத்திருக்கிறார்கள். என் கருத்தில், ஷிஃப்ட் ஒப்படைப்பில் எதிர்மறைக் கேள்விகளையே தவிர்த்துவிடுவது மேல். 'இஸ் த வால்வ் க்ளோஸ்ட்?' என்று நேராகக் கேட்டு, 'நோ, த வால்வ் இஸ் ஓப்பன்' என்று முழுப் பதிலாக வாங்கிக்கொள்ளலாம்.

23 மார்ச் 2025, ஞாயிறு

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பள்ளியில் தேர்வுக்காகப் படித்து மறந்த இந்தப் பட்டியல், பணியிட ஆங்கிலத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆங்கில வகுப்பில் கேள்விகளை வடிவத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். நன்னூல் கேட்பவரின் நோக்கத்தை வைத்துப் பிரிக்கிறது. அலுவலகத்தில் நமக்கு முதலில் தெரிவது நோக்கம்தானே!

விடை தெரிந்தே கேட்கும் தணிக்கையாளரின் கேள்வி அறிவினா. 'வேர் டூ யூ கீப் த பர்மிட்ஸ்?' என்று அவர் எளிய நிகழ்காலத்தில் கேட்பது வழக்கமான நடைமுறையைத்தான். இன்று காலை எங்கே வைத்தேன் என்று கதை சொல்லத் தொடங்கக் கூடாது. 'இஸ் இட் த பேரிங் ஆர் த ஸீல்?' என்பது ஐயவினா. 'குட் ஐ ஹேவ் த கீஸ்?' கொளல் வினா, 'வுட் யூ லைக் சம் ஹெல்ப்?' கொடை வினா. ஏவல் வினாவில்தான் ஆங்கிலம் அதிக நுணுக்கம் காட்டுகிறது. 'குட் யூ செண்ட் மீ த ரிப்போர்ட்?' என்பது வடிவத்தில் இயலுமா என்று கேட்டாலும், பொருளில் அனுப்புங்கள் என்பதுதான். இங்கே 'குட்' இறந்தகாலத்தைக் குறிக்கவில்லை. 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப்', 'ஐ வான்டட் டு ஆஸ்க்' என்பவையும் அப்படியே. கேட்பது இந்த நிமிடத்தில்தான் என்றாலும், வினையை இறந்தகாலத்துக்குத் தள்ளி எதிராளிக்கு மறுக்க இடம் விடுகிறார்கள். நாம் 'நீங்கள்' என்ற சொல்லிலும் '-ங்கள்' விகுதியிலும் காட்டும் மரியாதையை அவர்கள் காலத்தின் வழியாகக் காட்டுகிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இத்தகைய மரியாதைத் தொடரோடு கேள்வியைச் சேர்க்கும்போது இன்னொரு விதி வருகிறது. 'வேர் இஸ் த ஃபைல்?' என்பது தனிக் கேள்வி. 'குட் யூ டெல் மீ' என்பதோடு அது சேர்ந்தால் 'வேர் த ஃபைல் இஸ்' என்று சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்பிவிடும். 'டிட்' இருந்தால் அதுவும் மறைந்து, காலம் மீண்டும் முதன்மை வினைக்கே வந்துவிடும். தமிழில் 'கோப்பு எங்கே இருக்கிறது' என்ற தொடர் தனியாக நின்றாலும் 'என்று சொல்ல முடியுமா' என்பதற்கு முன் நின்றாலும் மாறாது என்பதால், இந்த விதியை நாம் எளிதில் தவறவிடுகிறோம்.

மேலே சொன்ன கடல்சார் தொகுப்பு மரியாதைத் தொடர்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டிருக்கிறது. வேண்டுமானால் வாக்கியத்துக்கு முன்பே 'கொஸ்டின்', 'ரெக்வெஸ்ட்', 'வார்னிங்' என்று அதன் நோக்கத்தை அறிவித்துவிடலாம் என்கிறது; 'மே ஐ' என்று கேட்காமல் 'டூ ஐ ஹேவ் பர்மிஷன்' என்று கேட்கச் சொல்கிறது. நன்னூலார் வகுத்த நோக்கங்களை வாய்விட்டே சொல்லிவிடுகிறார்கள்!

27 மார்ச் 2025, வியாழன்

1977-இல் இதே நாளில் டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் வானொலியில் எழுந்த இரைச்சல் எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, மோதிய விமானங்களில் ஒன்றின் துணை விமானி சொன்ன 'வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்' என்ற வாக்கியம். அவர்களது விமானம் அப்போது ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவரோ, புறப்படும் இடத்தில் அது காத்து நிற்பதாக எடுத்துக்கொண்டார். செயல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் '-இங்' வடிவம் வர வேண்டிய இடத்தில் 'அட்' என்ற இடச்சொல் வந்ததால் இரண்டு பொருளுக்கும் வழி ஏற்பட்டது. பின்னர் 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்றும், மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்பதென்றும் வரையறுத்தார்கள்.

ஒப்படைப்புப் பதிவேட்டில் 'பம்ப் அண்டர் டெஸ்ட்' என்று வினையே இல்லாமல் எழுதும் பழக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தேன். சோதனை நடக்கிறதா, சோதனைக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்களா, யார் சோதிக்கிறார்கள் என்ற எந்தக் கேள்விக்கும் அதில் விடை இல்லை.

30 மார்ச் 2025, ஞாயிறு

எதிர்காலத்தை விரைவாகக் கடந்தோம். அந்தக் கணத்தில் எடுத்த முடிவுக்கு 'ஐ'ல் செக் இட்', முன்பே எண்ணியிருந்ததற்கு 'ஐ'ம் கோயிங் டு', ஏற்பாடு செய்யப்பட்டதற்கு 'தே ஆர் கமிங் டுமாரோ', கால அட்டவணைக்கு எளிய நிகழ்காலம். குறித்து வைக்க வேண்டியது ஒன்றே: 'வில் யூ யூஸ் த க்ரேன்?' என்பது வேண்டுகோளைப் போலவும் ஒலிக்கும். 'வில் யூ பி யூஸிங் த க்ரேன்?' என்றால் எதிராளியின் திட்டத்தை மட்டும் விசாரிப்பதாக இருக்கும்.

3 ஏப்ரல் 2025, வியாழன்

செயப்பாட்டுவினைக் கேள்விகள் பராமரிப்புப் பணிக்கு இன்றியமையாதவை. பெரும்பாலும் யார் செய்தார் என்பதைவிட, செய்யப்பட்டதா என்பதே நமக்குத் தேவை. 'இஸ் த லைன் ஐசலேட்டட்?' (குழாய்வழி அடைத்துத் துண்டிக்கப்பட்டிருக்கிறதா?) என்பது இப்போதைய நிலையைக் கேட்கிறது. 'ஹேஸ் த லைன் பீன் ஐசலேட்டட்?' என்பது அந்த வேலை நடந்து முடிந்ததா என்று கேட்கிறது; முடிந்தபின் யாராவது மீண்டும் திறந்துவிட்டிருக்கலாம் என்பதால், அதற்கு வரும் 'யெஸ்' இப்போதைய நிலைக்கு உறுதி ஆகாது. 'வாஸ் த லைன் ஐசலேட்டட்?' என்பது முடிந்துபோன ஏதோ ஒரு வேளையைப் பற்றியது, விபத்து விசாரணைக்கு உரியது. வேலை தொடங்குமுன் கேட்க வேண்டியது முதலாவது. பதிவேட்டைச் சரிபார்க்கும்போது இரண்டாவது.

பயன்படுத்தும் கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே துணைவினையில் தொடங்கும் முழுப் பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு கட்டங்களில் ஆறுக்கு மேல் அதில் இடம்பெறவில்லை. 'ஹேட் பீன்' வடிவத்தை அடுத்த வாரம் நடத்துவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பம்ப் நிற்பதற்கு முன் எவ்வளவு நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது என்று கேட்க அது உதவும் என்பதால், அதற்கு மட்டும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி விட்டிருக்கிறேன்.